அரண்மனைக்கு வந்த வாடை

உலகநாத பூபதிக்கு வெள்ளை நிறத்தின் மேல் தீராத பைத்தியம். பழைய அரண்மனையை விட்டுவிட்டுப் பால் போல ஒரு புது அரண்மனை கட்டிச் சித்திரையில் குடிபுகுந்தார். அதோடு ஆசை அடங்கவில்லை. மதில் வெளுக்க வேண்டும், மண்டபம் வெளுக்க வேண்டும், யானைக்கொட்டில்கூட வெளுக்க வேண்டும். அத்தனைக்கும் சுண்ணாம்பு வேண்டுமே! அமைச்சர் அனந்தப்பர் அரண்மனைக்கு வடக்கே ஒன்பது காளவாய்களைக் கட்டி, இரவு பகலாகக் கிளிஞ்சல் சுட்டார்.

காளவாய்களுக்குக் கிழக்கே நெசவாளர்கள் வாழும் கீழத்தெரு. ஆனியில் மேற்கேயிருந்து மேல்காற்று எழுந்ததும் புகை முழுக்க அந்தத் தெருவுக்குள் போய்க் குடியேறியது. ஆவணிக்குள் தறிச்சத்தத்தைவிட இருமல் சத்தம் பெரிதாகிவிட்டது. மூச்சு வாங்கி இரண்டு பேர் இறந்தும் போனார்கள்.

உண்ணாமலை என்ற நெசவுக்காரி சபைக்கே வந்து முறையிட்டாள். "நேரில் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறேன்" என்றார் மன்னர்.

"உடனே போகலாம், மகாராசா. ஆனால் நாள் நன்றாக இல்லை. புரட்டாசிக் கடைசியில் அருமையான முகூர்த்தம் இருக்கிறது" என்றார் அமைச்சர்.

மன்னர் சொல்வதை ஓலையில் எழுதும் பிச்சாண்டி இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். புகையைப் பார்ப்பதற்கு முகூர்த்தம் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில்தான் புரிந்தது. மேல்காற்று ஓய்ந்து, கீழ்காற்று வீசத் தொடங்கியிருந்தது. புகை தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே இருந்த கள்ளிக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மன்னர் கீழத்தெருவில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். "வாடையே இல்லையே!"

"இல்லாதது எப்படி வரும், மகாராசா?" என்று சிரித்தார் அமைச்சர்.

"பிறகு ஏன் இந்த ஜனங்கள் இருமுகிறார்கள்?"

அரண்மனை வைத்தியர் முன்னால் வந்தார். "பழக்கதோஷம். ஒருவர் இருமினால் மரியாதைக்கு அடுத்தவரும் இருமுகிறார்."

உண்ணாமலைக்குப் பொறுக்கவில்லை. "மரியாதைக்கு யாராவது செத்துப்போவார்களா, சாமி?"

பிச்சாண்டி மெல்லக் கேட்டார்: "மந்திரியாரே, இன்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?"

"ஓய், எழுத்தாணி பிடிக்கிற உமக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன? சொன்னதை எழுதும்!" என்று சீறிவிட்டு, அமைச்சர் மன்னர் பக்கம் திரும்பினார். "பொய் சொன்ன இந்தத் தெருவைத் தை முதல் நாள் காலி செய்துவிடலாம், மகாராசா. இன்னும் நான்கு காளவாய்க்கு இடம் கிடைக்கும்."

மன்னர் தலையசைத்தார். உண்ணாமலை பிச்சாண்டியைப் பார்த்தாள். "எழுதாதீங்க, அய்யா" என்றாள். அவர் எழுதினார். எழுதி முடித்ததும் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை.

"மகாராசா, நியாயத்துக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா? 'தை பிறப்பதற்குள் அரண்மனைக்கு வாடை வந்தால், அமைச்சரே தம் கையால் காளவாய்களை அணைக்க வேண்டும். கீழத்தெரு இருந்த இடத்திலேயே இருக்கும்.'"

அமைச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அரண்மனைக்கு வாடையா? சந்தனமும் சாம்பிராணியும் மணக்கிற இடத்துக்கா? தாராளமாக எழுதும். அடியில் நானே கையெழுத்துப் போடுகிறேன்!"

போட்டார்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் கழிந்தன. கிளிஞ்சல் நனைந்தது, காளவாய்கள் பாதி தூங்கின. மார்கழியில் மழை விட்டதும் ஒன்பதும் ஒன்றாக மூண்டன. ஒருநாள் காலை, சபை கூடியிருந்த நேரத்தில், வடக்குச் சன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

முதலில் மன்னர் இருமினார். அமைச்சர் பதறிப்போய்ச் சாம்பிராணி போடச் சொன்னார். இப்போது இரண்டு புகை. அரசி இருமினாள். சேனாபதி இருமினார். "பயப்பட ஒன்றுமில்லை, மகாராசா, இது வெறும்..." என்று தொடங்கிய வைத்தியர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"பரவாயில்லையே, எல்லோருக்கும் எவ்வளவு மரியாதை!" என்றார் பிச்சாண்டி.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தார். பிச்சாண்டி ஓலையைப் பிரித்து உரக்கப் படித்தார். "அரண்மனைக்கு வாடை வந்தால், அமைச்சரே தம் கையால்..."

"எனக்கு மூக்கே அடைத்துவிட்டது. வாடை வருகிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வேன்?" என்றார் மன்னர்.

அமைச்சருக்குப் போன உயிர் திரும்பியது. "அப்படிக் கேளுங்கள், மகாராசா! ஓலையில் இருப்பது வாடை. இங்கே எந்த நாற்றமும் இல்லை. வடக்கேயிருந்து கொஞ்சம் காற்று வருகிறது, அவ்வளவுதான்!"

"வடக்கேயிருந்து வருகிற காற்றுக்கு என்ன பெயர், மந்திரியாரே?"

"இதுகூடத் தெரியாதா? வாடை..."

அமைச்சரின் வாய் திறந்தபடியே நின்றது. அதற்குள்ளும் கொஞ்சம் புகை போயிற்று.

"மகாராசா, வாடை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவரே சொல்கிறார்" என்றார் பிச்சாண்டி.

மன்னர் சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் மறுபடி சிரிப்பானது. "அணையும், அனந்தப்பரே! ஒன்பதையும் உம் கையாலேயே அணையும்!"

"கீழத்தெரு நான்கு மாதம் இருமியது, இங்கே யாருக்கும் கேட்கவில்லை. தாங்கள் அரை நாழிகை இருமினீர்கள், ஊருக்கே மருந்து கிடைத்துவிட்டது" என்றார் பிச்சாண்டி. "முன்பே தெரிந்திருந்தால் ஆனியிலேயே தங்களை இருமச் சொல்லியிருப்பேன்."

மன்னரின் சிரிப்பு சற்று மங்கியது. சபையைப் பார்க்காமல் கேட்டார்: "உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு எதுவும் வேண்டாம், மகாராசா. அமைச்சருக்குத்தான் ஒரு வீடு வேண்டும். ஊரைத் தாண்டிப் புதுக் காளவாய் கட்டட்டும். எந்த இடம் என்பது அவர் விருப்பம். ஆனால் புகை போகிற பக்கத்தில் அவர் குடியிருக்க வேண்டும்."

"தந்தோம்!"

அமைச்சர் முதல் காளவாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, முகமெல்லாம் சாம்பலாக ஓடி வந்தார். பிச்சாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் அத்தனை பணிவு.

"ஓலைக்காரரே, நீர் விவரம் தெரிந்தவர். கொஞ்சம் சொல்லும். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதமும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?"