கருவாயனின் தாடி

ஆடு மாடெல்லாம் மனிதனோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆண்பிள்ளைகளுக்கு முகத்தில் ஒரு முடி கிடையாது. அறுபது வயதுக்காரனுக்கும் மொழுமொழுவென்ற கன்னம்தான். தாடி என்பது வெள்ளாட்டுக் கிடாயின் சொத்து. ஒரு காதிலிருந்து மறு காதுவரை, முகம் மூடி வளர்ந்திருக்கும்.

மலையடிவாரத்தில் வேடியப்பன் என்று ஓர் இளவட்டம் ஆடு மேய்த்து, சந்தையில் விற்றுப் பிழைத்தான். அவன் மந்தையில் கருவாயன் என்று ஒரு கிடாய். குட்டியிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தது.

பக்கத்து ஊர் மாதையனின் மகள் மாதம்மாளைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. பெண் கேட்டுப் போனான். மாதையன் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்ப்பா, உன்னையும் என் பொண்ணையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, எது பொண்ணுன்னு நானே தடுமாறுவேன். உன் கிடாயைப் பாரு. அதுதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கு!”

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேடியப்பனுக்கு உடம்பு பற்றி எரிந்தது. நேரே மந்தைக்கு வந்தான்.

“கருவாயா, உன் தாடியைக் கொடு.”

“கொடுத்துட்டு? மார்கழிப் பனியில மூஞ்சியை எங்க வச்சுக்கறது?”

“பதிலுக்கு என்ன வேணும், சொல்லு.”

“மார்கழி முப்பது நாளும் உன் கம்பளிக்குள்ள என் தலைக்கு இடம் கொடு. தை பொறந்தா வெயில் பார்த்துக்கும்.”

நியாயமான விலை. வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் சந்தையில் பழகிய கை சும்மா இருக்குமா? துண்டை எடுத்துக் கிடாயின் முன்னங்கால்மேல் போட்டான். துண்டுக்கு அடியில் கையை அழுத்தி விலை பேசுவது அந்தப் பக்கத்து வழக்கம். படிந்த பேரத்தை மறுபடி பேசக் கூடாது.

ஓர் அழுத்தலுக்கு ஒரு நாள் என்று பத்து முறை அழுத்தினான். கருவாயன் காலை உதறியது. பதினைந்து முறை அழுத்தினான்.

“பாதி மாசத்தோட பனி நின்னுடுமா?”

“அதுக்குள்ள உனக்கு முடி முளைச்சிடும்டா!”

கருவாயன் அவனையே பார்த்தது. அவமானத்தில் அவன் கண் சிவந்திருந்தது.

“சரி, எடுத்துக்கோ. தாடையில மட்டும் கொஞ்சம் விட்டுடு. கிடாய்னு நாலு ஆடாவது மதிக்கணும்.”

வேடியப்பன் அதன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்தான். தாடி அவன் முகத்தில் அப்படியே ஏறிக்கொண்டது. மாதையன் பார்த்தார், பெண் தரச் சம்மதித்தார். கார்த்திகை முடிவதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றி, தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

மார்கழி பிறந்தது. வேடியப்பன் சொன்ன சொல் தவறவில்லை. பதினைந்து நாளும் கிடாயின் தலை அவன் கம்பளிக்குள் இருந்தது. பதினாறாம் நாள் பொழுது சாயும்போது கருவாயன் வந்து நின்றது. கன்னத்தில் ஒரு முடிகூட முளைக்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நாள், வேடியப்பா. குளிர் தாங்கலை.”

“பேசினது பேசினதுதான். இன்னைக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கும் வந்து கேட்ப.”

“கேட்பேன்தான். வேற யார்கிட்ட கேட்பேன்?”

வேடியப்பன் கம்பளியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான்.

விடிந்து பார்த்தால் கருவாயன் அவன் கால்மாட்டில் விறைத்துக் கிடந்தது. வெறும் கன்னத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கம்பளியைப் போட்டுச் சுற்றினான், தேய்த்தான், வாயால் ஊதினான்.

“முப்பது நாளும் எடுத்துக்கடா! தையும் எடுத்துக்கடா! மாசியும் எடுத்துக்கடா!”

விலையை ஏற்றிக்கொண்டே போனான். வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லை.

நாள் கணக்கில் அழுதான். கண்ணீர் ஓடிய இடமெல்லாம் தாடி கழன்று விழுந்தது. திட்டுத் திட்டான முகத்தோடுதான் மணவறையில் உட்கார்ந்தான். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த மாதம்மாள் அந்த வெற்றிடங்களைப் பார்த்தாள்.

“எங்கப்பா விளையாட்டுக்குச் சொன்னாரு. அதுக்கா அந்தக் கிடாயைக் கொன்னீங்க?”

அவன் முகத்தில் அந்த இடங்களில் மறுபடி முடி முளைக்கப் பத்து வருஷம் ஆயிற்று.

ஆண்பிள்ளைகளுக்கு முகத்தில் முடி வந்ததும், வெள்ளாட்டுக்குத் தாடையில் மட்டும் ஒரு கொத்துத் தாடி நிற்பதும் அன்று முதல்தான். இருபது வயதுப் பையன் எவ்வளவு தடவிப் பார்த்தாலும் கன்னத்தில் திட்டுத் திட்டாக வருவதும், அது அடர்ந்து வர வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதும் அன்று முதல்தான்.