நாற்பது நாள் அவல்

இதை எனக்கு முதலில் சொன்னவர் செண்பகவல்லி அக்கா. என் மூத்தவன் கைக்குழந்தையாய் இருந்த வருஷம், புயலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அக்கா பக்கத்துப் பாய்.

ஆற்றங்கரைக் குடிசையில் நீலாயி அம்மை என்று ஒரு துறவி. அவரிடம் மாசிலாமணி வந்தார். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

"தாயே, நான் செய்யறது தப்பா?"

"என்னப்பா செஞ்ச?"

"வீட்டுல ஒரு அறை பூரா அவல், வெல்லம், கயிறு, விசில், அரிக்கேன் விளக்கு. வெள்ளம் வந்தா வேணுமேன்னு. தெருவே சிரிக்குது. பிரளயத்தார்னு பேரே வெச்சிட்டாங்க. எதிர்வீட்டு அஞ்சலை தினமும், 'என்ன பிரளயத்தாரே, இன்னைக்குத் தண்ணி முட்டி வரைக்குமா, இடுப்பு வரைக்குமா?'ங்கறா. சாமி மேல நம்பிக்கை இல்லாதவன்னும் சொல்றாங்க."

அம்மை தலைக்கு மேலே காட்டினார். கூரையில் புதுக் கீற்று.

"மழைக்கு முன்னாடி மாத்தினேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கலை."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி வெள்ளம் வந்துச்சே, தாயே. மூணு நாள் மாடியில கிடந்தோம். சின்னவ பசிக்குதுப்பான்னா. என் கையில ஈரத்துணிதான் இருந்துச்சு. அவளுக்கு அது மறந்து போச்சு. எனக்குப் போகலை."

அம்மை செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும்." மாசிலாமணியின் குரல் இறங்கிவிட்டது. "போன வாரம் விளக்கேத்திட்டு வேண்டிக்கிட்டேன். ஒரு தடவை வெள்ளம் வரட்டும், அப்பத்தான் இவங்களுக்குத் தெரியும்னு. வேண்டினப்புறம் தூக்கமே இல்லை. நான் என்ன ஆளு தாயே?"

அம்மை எழுந்தார்.

"வா. உன் அறையைக் காட்டு."

அறைக்குப் பெரிய பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

உள்ளே தகர டின்கள் வரிசையாய் நின்றன. ஒரு எறும்புகூட இல்லை.

"எத்தனை பேருக்குப்பா?"

"நாலு பேருக்கு நாற்பது நாள், தாயே." அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது.

"பழசானா?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்திடுவேன். பழசை ஆத்துல மீனுக்குப் போட்டுருவேன்."

அம்மை ஒரு டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். நடுத்தெருவில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே அவல், மேலே வெல்லக்கட்டிகள்.

"அஞ்சலை! கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா. வெல்லம் தட்டணும், குழவியும் எடுத்தா."

அம்மை கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? அஞ்சலை வந்தாள். அவள் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் தெரு.

எல்லாரும் தின்றார்கள். மாசிலாமணி தூணோடு தூணாய் நின்றார்.

அஞ்சலை வாய் நிறைய அவலோடு சொன்னாள்: "பரவாயில்லையே பிரளயத்தாரே, நல்லாத்தான் இருக்கு. எங்க மாடி உங்க மாடியைவிட உசரம், தெரியுமில்ல? தண்ணி வந்தா டின்னைத் தூக்கிட்டு அங்க வந்துருங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இந்தத் தடவை மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்தது.

அம்மை கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"மறுபடி சொல்லுப்பா. எத்தனை பேருக்கு?"

அவர் தெருவைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார், இடுப்புக் குழந்தையையும் சேர்த்து.

"நாற்பது பேருக்கு, தாயே. நாலு நாள் வரும்."

சொல்லிவிட்டு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். வாசல் நிலையில், எல்லாருக்கும் தெரிகிற ஆணியில் மாட்டினார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்குக் கடைக்குப் போனால் ஒரு தீப்பெட்டி கூடுதலாய் வாங்குங்கள். அதை எங்கே வைத்தீர்கள் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள்.