முருங்கைப் போத்து

முனிரத்தினம் மலையடி மடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அபரஞ்சியம்மை முருங்கை மரத்தில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது. ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர். வீம்பு என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"பையன் சாயங்காலம் வரானாம்மா" என்றார். "ஊரு ஊரா கூத்துல சேலை கட்டி ஆடிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வரான்? கதவைச் சாத்திடப் போறேன். சாத்துனா நானும் அவன்கூடப் போயிடுவேன்னு அவங்கம்மா பெட்டி கட்டி வச்சிருக்கா. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"மொதல்ல இதைப் பிடிங்க."

வெட்டிய போத்தைக் குழியில் நிறுத்தி அவர் பிடித்துக்கொண்டார். அம்மை மண்ணைத் தள்ளி மிதித்தார். வெட்டுப்பட்ட நுனியில் சாணியை அப்பினார்.

"இது எப்படிக் காய்க்கும்?"

"தாய்மரம் மாதிரியேதான். அதே மரந்தானே இது" என்றார் முனிரத்தினம். இதையெல்லாமா கேட்பார்கள் என்று அவருக்கு எரிச்சல்.

"வேலியோரம் நிக்குதே, அது?"

"அது காய் குட்டை. சப்புனு இருக்கும்."

"இந்த மரத்து விதைதான். நாந்தான் போட்டேன்."

"விதை போட்டா அப்படித்தாம்மா. பூவுல வந்து உக்காந்த வண்டு, அதுக்கு முன்னாடி எந்த மரத்துல பொரண்டுச்சோ! ரெண்டு மரமும் கலந்துதானே விதை."

"வெட்டிடலாமா?"

"ஐயையோ, எதுக்கு? அந்தக் கீரை ருசி எதுக்கு வரும்? போன வாரங்கூட ஒடிச்சிட்டுப் போனேனே!"

அம்மை செம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார்.

"உங்க மாமனாருக்கு என்ன தொழில்?"

முனிரத்தினத்தின் முகம் சுண்டிப்போனது.

"கூத்துதான். திரௌபதி வேஷம் கட்டுவாரு."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது, அழுவது வெட்கமாகவும் இருந்தது. மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாலும் அவன் எம்புள்ள இல்லையாம்மா? அப்படியே என்னை மாதிரி ஒருத்தன் வேணும்னுதானே பெத்தேன்!"

"அப்ப நீங்க கல்யாணம் பண்ணியிருக்கக் கூடாதுங்க" என்றார் அபரஞ்சியம்மை. "ஒரு கையை வெட்டி நட்டிருக்கணும்."