நாளை ஆய்வு

சாயக்கழிவால் தன் ஊர் ஆறு சாகிறதென்று சுற்றுச்சூழல் அலுவலகப் பியூன் சென்னியப்பன் அதிகாரியிடம் அழுதான்.

"அவ்வளவு அக்கறைன்னா நீயே சுத்தம் பண்ணிக் காட்டேன்!" என்று சிரித்தார் அவர்.

முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிட்டுத்தான் ஆய்வுக்குப் போவது அங்கே வழக்கம். கடிதத்தைக் கண்டதும் சாயப்பட்டறை கழிவுக் குழாயை மூடிவிடும். சென்னியப்பன் பழைய கடிதத்தையே தேதி மாற்றித் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தான்: "நாளை ஆய்வு." பத்தே நாளில் ஆறு தெளிந்தது.

பட்டறை முதலாளி போனில் கத்தவும் அதிகாரி பாய்ந்தார். "யாரைக் கேட்டுடா கொடுத்தே?"

"நீங்கதானுங்க சுத்தம் பண்ணச் சொன்னீங்க. நீங்க நேர்ல போயும் தெளியாத ஆறு, உங்க கடுதாசிக்குத் தெளிஞ்சிருச்சுங்க!"

அலுவலகமே வாய்பொத்திச் சிரித்தது. அதிகாரி இன்னொரு கடிதம் எழுதினார்: "ஆய்வு ரத்து."

அதையும் சென்னியப்பன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் திரும்பிப் பாலம் ஏறுவதற்குள் ஆறு சிவந்துவிட்டது.