மேயர் தேய்த்த சட்டை

ஆக்கிரமிப்பு என்று சொல்லி, பேச்சியம்மாளின் இஸ்திரி வண்டியைப் புங்கமரத்தடியிலிருந்து அகற்ற வைத்தவர் மேயர் குணசீலன். அன்றோடு அவள் பிழைப்பு போனது.

மறுபடி தேர்தல் வந்தது. ஓட்டுப்பதிவுக்கு இரண்டே வாரம். ஏழைத் தொழிலாளியோடு படம் எடுக்க மேயருக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. அன்று வண்டியை எடுக்கச் சொன்ன அதே வாய்தான் கேட்டது: "பழைய இடத்துலயே ஒரு மணி நேரம் நிறுத்தும்மா."

நிறுத்தினாள். அவர் ஒரு சட்டையைத் தேய்த்தார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் ஊர்ச் சுவரெல்லாம் அந்தப் படம். வண்டி மட்டும் நகரவில்லை.

மேயரே வந்து அதட்டினார்: "உன்னைப் பார்த்து நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. எடு வண்டியை."

பேச்சியம்மாள் எதிர்ச்சுவரைக் காட்டினாள். "இந்த மரத்தடியில தேய்க்கிறது குத்தம்னா, அந்தக் குத்தத்தை ஊர் பூரா ஒட்டி ஓட்டு கேக்குறது நீங்கதான் அய்யா. மொதல்ல அதைக் கிழிக்கச் சொல்லுங்க, நான் வண்டியை எடுக்குறேன்."