கரடி கற்ற இறங்கு சீட்டி

மலைக்காட்டுக் குளம் ஒன்றின் கரையில் அடைக்கலம் என்ற தாய்க்கரடி தன் ஒற்றைக் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு திரிந்தாள். குட்டியின் பெயர் பொட்டு. அவனோடு கூடப் பிறந்தவன் ஒருவன் இருந்தான். போன கோடையில் செந்நாய்கள் அவனைக் கொண்டுபோய்விட்டன. அன்றிலிருந்து அடைக்கலம் பொட்டுவைத் தரையில் இறக்கியதே இல்லை. தூக்கத்திலும் முதுகுக்குக் கையைக் கொண்டுபோய், இருக்கிறானா என்று தடவிப் பார்ப்பாள்.

செந்நாய்க் கூட்டத்தின் தலைவி செம்பி. உண்ணிப்புதர் மண்டிய அந்தக் காட்டில் ஒரு நாய்க்கு அடுத்த நாயின் வால்கூடத் தெரியாது. அதனால் செம்பி சீட்டியடித்தே கூட்டத்தை நடத்தினாள். நேராக நீளும் சீட்டி என்றால், வளைத்துப் பிடியுங்கள். அதே சீட்டி கடைசியில் சறுக்கி இறங்கினால், விட்டுவிட்டு ஆற்றுக்கு வாருங்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. காதில் விழுந்ததும் கால் ஓடும்.

மகன் போன அன்று அடைக்கலம் அந்த நேர்ச்சீட்டியைக் கேட்டாள். இறங்கு சீட்டி வராதா என்று காத்திருந்தாள். அது வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒருநாள் ஜீப் போன தடத்தில் பளபளவென்று ஒன்று கிடந்தது. பத்து ஓட்டை வைத்த மவுத் ஆர்கன். தூசியைப் போக்க அடைக்கலம் ஒரு ஊது ஊதினாள். கிறீச்சென்று சத்தம் வந்தது. முதுகில் இருந்த பொட்டு அவள் மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, செம்பி!" என்று அலறினான்.

அடைக்கலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டியே ஏமாந்தான் என்றால் செந்நாய்களும் ஏமாறாமலா போகும்?

"ஊதினால் சுரம் இறங்காது. இழுக்க வேண்டும்" என்று குளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

பேசியது சூசை என்ற தவளை. அவன் வெகுகாலம் வன பங்களாத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் குடியிருந்தவன். அங்கிருந்த காவலாளி சாயங்காலமானால் மவுத் ஆர்கனில் ப்ளூஸ் என்ற மேல்நாட்டுச் சோக இசையை வாசிப்பாராம். மூச்சை உள்ளே இழுத்து, சுரத்தை வளைத்து, அழுகிற மாதிரி கீழே இறக்குகிற வாசிப்பு அது. சூசைக்கு எல்லாம் மனப்பாடம். வாசிக்கத்தான் கை பத்தாது.

தன்னை மாஸ்டர் என்று கூப்பிட்டால் சொல்லித்தருவதாகச் சொன்னான். வாசிக்கத் தெரியாத மாஸ்டரா என்று கேட்க நினைத்தாலும், அடைக்கலம் கேட்கவில்லை. அவளுக்கு அந்த இறங்கு சீட்டி வேண்டும்.

முதல் நாள் அவள் தனக்குத் தெரிந்த வழியில் இழுத்தாள். புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சும் இழுப்பு. மவுத் ஆர்கன் ஒரு விக்கல் விக்கி ஊமையாகிவிட்டது.

"தாயே, இது கறையான் புற்று இல்லை. நீ இழுக்கிற இழுப்பில் உள்ளே இருக்கும் தகடு மூச்சுமுட்டிச் செத்துப்போகும்" என்றான் சூசை.

அன்றிலிருந்து தினமும் பாடம். உதட்டைக் குவித்து இரண்டாவது ஓட்டையை மட்டும் பிடிக்கச் சொன்னான். அது அவளுக்கு உடனே வந்தது. கரடி உதட்டுக்கு அது பெரிய வித்தை இல்லை. பிறகு நாக்கு. உள்ளே 'ஈ' என்று வைத்துத் தொடங்கி, நாக்கைப் பின்னால் வாங்கி 'ஊ' என்று முடிக்க வேண்டும். அப்போதுதான் சுரம் வளைந்து இறங்கும். அவளுக்கோ 'ஈ' மட்டும் வந்தது. வந்தது அப்படியே செம்பியின் நேர்ச்சீட்டி. பாடத்தில் ஒரு பிசகு ஏற்பட்டால் கூட்டமே வந்து நிற்கும். அதனால் மவுத் ஆர்கனை இரண்டு கையாலும் இறுக்கப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே கசியாமல் பழகினாள்.

ஐந்தாம் நாள் சூசை பொறுமை இழந்தான். "நெஞ்சு முட்ட மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் இழுத்தால் எங்கே போகும்? முதலில் இருப்பதை வெளியே விடு."

"விட்டால் திரும்பி வராதோ என்று இருக்கிறது, மாஸ்டர்."

சூசை குரலைத் தணித்து, "சரி, மறுபடி முதலிலிருந்து" என்றான்.

ஏழாம் நாள் பத்துக்கு இரண்டு தடவை சுரம் இறங்கியது. அன்று உச்சிவெயிலில் செந்நாய்கள் வந்தன.

முதலில் தூரத்தில் நேர்ச்சீட்டி. பிறகு மூன்று பக்கமும் சருகு நொறுங்கும் சத்தம். சூசை தண்ணீருக்குள் போய்விட்டான். அடைக்கலம் ஓடிப்போய்ப் பாறையில் முதுகைக் கொடுத்து நின்றாள். அவளுக்கும் பாறைக்கும் நடுவே பொட்டு நடுங்கினான்.

புதருக்குள்ளிருந்து ஒரு நாய் கேட்டது: "அக்கா, முதுகில் என்ன மூட்டை? போன வருஷத்து ருசிதானா?"

மற்றவை சிரித்தன.

அடைக்கலம் மவுத் ஆர்கனை வாயில் வைத்தாள். பயத்தில் மூச்சை வெளியே விட மறந்துவிட்டாள். உள்ள பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். நேர்ச்சீட்டி கணீரென்று காட்டை அறுத்தது.

நாய்கள் புதரை விட்டு வெளியே வந்தன. எட்டு. அவளே அழைத்துவிட்டாள்.

இதைத் தூக்கியெறிந்துவிட்டு அறையலாமா? இரண்டு நாயை அறைந்து வீழ்த்தலாம். மூன்றாவது முதுகில் பாயும். போன கோடையில் அப்படித்தான் நடந்தது.

முன்னால் நின்ற நாய் பதுங்கியது. அடைக்கலம் கண்ணை மூடி, நெஞ்சில் இருந்த மூச்சு முழுவதையும் வெளியே விட்டாள். உயிரே போகிற மாதிரி இருந்தது. காலியான வயிற்றிலிருந்து மெல்ல, கறையானை உறிஞ்சுவது போல் இல்லாமல், தூங்கும் குட்டியை முகர்வது போல இழுத்தாள். நாக்கு பின்னால் போனது.

ஈ... ஊ...

சீட்டி சறுக்கி இறங்கியது.

பதுங்கிய நாயின் காது திரும்பியது. கடைசியில் நின்ற நாய் ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. அந்த நேரம் தூரத்திலிருந்து செம்பியின் நேர்ச்சீட்டி வந்தது. எல்லாம் அப்படியே நின்றன. அடைக்கலம் மறுபடி மூச்சை விட்டாள், மறுபடி இழுத்தாள். இந்த முறை சுரம் இன்னும் நீளமாக, இன்னும் கீழே இறங்கியது. மகன் போனதிலிருந்து அவள் அழாத அழுகையெல்லாம் அதில் இருந்தது. நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி ஆற்றைப் பார்த்து ஓடின.

புதரைக் கிழித்துக்கொண்டு செம்பி வந்தாள். தனியாக வந்தாள்.

"என் கூட்டத்தை அனுப்பியது யார்?"

அடைக்கலம் பின்னங்காலில் எழுந்து நின்றாள். "நான்தான். இப்போது நீ ஒருத்தி, நான் ஒருத்தி. வா."

செம்பி சீட்டியடிக்க வாயெடுத்தாள். அடித்தால் இவள் மறுபடி இறக்கிவிடுவாள் என்பது புரிந்து வாயை மூடினாள். கரடியின் நகத்தையே பார்த்தபடி பின்வாங்கி, புதருக்குள் மறைந்தாள்.

வெகுநேரம் கழித்து சூசை தலையை நீட்டினான். "நடுவில் ஒரு நேர்ச்சீட்டி கேட்டதே?"

"வந்துவிட்டது, மாஸ்டர்."

"இனி வரக்கூடாது. நாளைக்கும் பாடம் உண்டு."

அடைக்கலம் தலையாட்டினாள். பிறகு முதுகிலிருந்து பொட்டுவை எடுத்துத் தரையில் விட்டாள். நிற்கப் பழகாத கால்கள் தள்ளாடின. இரண்டடி வைத்து விழுந்தான். எழுந்து மூன்றாவது அடி வைத்தான். அவள் கையை நீட்டவில்லை.

பயத்தோடு காட்டும் பலம் எதிரியைத்தான் அருகில் அழைக்கும். பயந்தாலும் மூச்சை விட்டு, கற்றதை நிதானமாகச் செய்கிறவரே தம்மை நம்பியவரைக் காப்பாற்றுவார்.