வாய் மூடிய புண்

காந்திமதி கை வைத்தால் வலிக்காது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. இத்தனை வருஷமும் தடுப்பூசிப் பிரிவில் குழந்தைகளைச் சிரிக்க வைத்தே ஊசி போட்டவள். பிரசவ வார்டில் கட்டு மாற்றும் வேலைக்கு இப்போதுதான் வந்திருந்தாள். வேலை கற்றுக்கொடுத்த ஜெபராணி சிஸ்டர் அவளைவிட இளையவள். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். ஆனால் வேலையில் துளி விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பேச்சித்தாய்க்கு ஆபரேஷன் செய்து பிள்ளை பிறந்திருந்தது. தையலில் சீழ் பிடித்ததால் பிரித்துவிட்டிருந்தார்கள். பச்சைப்பிள்ளை பாட்டி வீட்டில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. புண் ஆறினால்தான் வீடு, வீட்டுக்குப் போனால்தான் பிள்ளை. அதை நினைத்து நினைத்தே அழுவாள்.

தினமும் புண்ணைக் கழுவி, பள்ளத்தின் அடிவரை காஸ் துணியைத் தளர்வாக வைக்க வேண்டும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். துணி உள்ளே போகும்போதே பேச்சித்தாய், "போதும்க்கா" என்பாள். காந்திமதிக்கு மனசு கேட்காது. அந்த மட்டோடு நிறுத்திக் கட்டிவிடுவாள்.

ஒருநாள் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"சிஸ்டர், பேச்சித்தாய்க்குப் புண்ணு வாய் மூடிருச்சு. வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிட்டேன்."

"வாய் மூடிருச்சா, ஆறிருச்சா?"

இரண்டும் ஒன்றுதானே என்று காந்திமதி விழித்தாள். ஜெபராணி எழுந்து கட்டிலுக்குப் போனாள். பேச்சித்தாய் துணிமணியைப் பையில் திணித்து, தலை சீவி, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவளைப் படுக்க வைத்து, மூடியிருந்த புண்ணின் ஓரத்தில் ஜெபராணி இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். தோல் பிளந்து சீழ் வந்தது.

டாக்டர் வந்து மறுபடியும் திறந்துவிட்டார். பேச்சித்தாய் அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால் தேவலை என்று காந்திமதிக்கு இருந்தது.

அவள் ஜெபராணியிடம் போய், தன்னைப் பழையபடி தடுப்பூசிக்கே அனுப்பிவிடச் சொன்னாள்.

"அவ நோகக் கூடாதுன்னுதான நிறுத்துனேன். இரக்கப்பட்டது ஒரு தப்பா, சிஸ்டர்?"

ஜெபராணி பேச்சித்தாய்க்கு வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். மாத்திரை வேலை செய்யும் மட்டும் இருவரும் காத்திருந்தார்கள். பிறகு கட்டிலருகே போனார்கள்.

"அக்கா, நீங்க அவ கையப் பிடிச்சுக்கிடுங்க."

காந்திமதி பிடித்துக்கொண்டாள். ஜெபராணி துணியை வைக்க ஆரம்பித்தாள். பேச்சித்தாய் போதும் என்றபோதெல்லாம் நிறுத்தினாள். அவள் மூச்சு வாங்கி ஆசுவாசப்படும்வரை காத்திருந்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் இருக்கு தாயி" என்று மறுபடி தொடர்ந்தாள். அடியைத் தொடும்வரை விடவில்லை. முடிந்தபோது காந்திமதியின் மணிக்கட்டில் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அப்போதும் அவள் பேச்சித்தாயின் கையை விடவில்லை.

மறுநாள் ஜெபராணி இடுக்கியை அவளிடமே நீட்டினாள். காந்திமதி தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. அடிவரை வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன், சிஸ்டர். நான் பாதியில நிறுத்துனதுனாலதான் இப்படி ஆச்சு, மன்னிச்சிரு தாயின்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"மன்னிச்சிட்டேன்னா. பாரம் எறங்கிருச்சு. நாளையிலேர்ந்து நான் தடுப்பூசிக்கே போயிருதேனே."

"கேட்டதும் சொல்லிட்டாளா?"

"கேட்டு முடிக்கக்கூட இல்ல. உடனே சொல்லிட்டா."

ஜெபராணி அவள் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பட்ட இடத்தில் மருந்து தடவினாள்.

"அப்ப வாய்தான் மூடிருக்கு, உள்ள இன்னும் இருக்கும்க்கா. நாளைக்கும் நீங்களே போங்க."